கீழ்: ஒரு முன்னொட்டும் இரு மாவட்டங்களும்

'கீழ்' என்பது ஓரசைச் சொல். தனியே நின்றால் இடத்தைக் காட்டும். வேறொரு சொல்லுக்கு முன் ஒட்டி நின்றால் திசை, நீரோட்டம், படிநிலை, பின்னம், காலம் என்று இடத்துக்கேற்பப் பொருள் மாறும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்தப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் சான்று கிடைக்கிறது. ஊர்ப்பெயர்ப் பலகை, கோயில் கல்வெட்டு, ஏரி மதகு, ஜமீன் கணக்கு, பாறை அடுக்கு என ஒவ்வொன்றிலும் 'கீழ்' வெவ்வேறு வேலை செய்திருக்கிறது. எதற்குக் கீழ் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அந்த இடத்தில் அதன் பொருள் தெளிவாகும். அந்த விடை காலந்தோறும் மாறிவந்ததே இந்த முன்னொட்டின் வரலாறு.

சரிவிலிருந்து திசை

தமிழில் கிழக்கு என்ற சொல் 'கீழ்' என்ற அடியிலிருந்தும், மேற்கு என்ற சொல் 'மேல்' என்ற அடியிலிருந்தும் பிறந்தவை. கன்னடம் கதிரவனை வைத்து இவ்விரு திசைகளுக்கும் பெயரிட்டது. அங்கே எழும் திசை மூடல், படும் திசை படுவல். தமிழிலும் குணக்கு, குடக்கு என்ற பழைய திசைப்பெயர்கள் இருந்தன. ஆனால் வழக்கில் வென்றவை நிலத்தின் சாய்வைப் பார்த்து எழுந்த கிழக்கும் மேற்கும்தான். மேற்கே மலை, கிழக்கே கடல், இடையே கிழக்கு நோக்கி ஓடும் ஆறுகள் என்ற அமைப்பில் வாழ்ந்தவர்களுக்குத் தாழ்ந்த பக்கமும் கிழக்குப் பக்கமும் ஒன்றாகவே இருந்தன.

இந்த அமைப்பைப் பெரம்பலூர், அரியலூர் பகுதியில் கண்ணால் காணலாம். பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் பச்சைமலை நிற்கிறது. அங்கிருந்து நிலம் படிப்படியாகக் கிழக்கே தாழ்கிறது. பச்சைமலையில் தோன்றும் மருதையாறு இரு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்தில் கலக்கிறது. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கிழக்கு நோக்கியே ஓடுகின்றன. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அது கீழ்ப்பக்கம்; அதுவே கிழக்குப் பக்கம்.

ராபர்ட் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் இதிலிருந்து ஒரு வரலாற்று முடிவை எடுத்தார். மலையாளத்திலும் கிழக்கு என்ற சொல்லே வழங்குகிறது. ஆனால் கேரளத்தில் மலை கிழக்கில், கடல் மேற்கில். அங்கே கிழக்கே போகிறவர் மேலே ஏற வேண்டும். நிலத்துக்குப் பொருந்தாத இந்தச் சொல், மலைத்தொடருக்கு இப்பால் வாழ்ந்தவர்கள் கொண்டுசென்ற சொல்லாகவே இருக்க முடியும் என்று அவர் வாதிட்டார். அங்கே மேற்கைக் குறிக்கப் பெருவழக்காக நிலைத்தது, கதிரவன் படியும் பக்கம் என்ற பொருளுடைய படிஞ்ஞாறு.

கீழ், கீழ, கீழை

ஒட்டும்போது இந்தச் சொல் மூன்று வடிவம் கொள்கிறது. நூல் வழக்கில் கீழ்த்திசை, கீழ்வானம் என்பவற்றில் 'கீழ்' அப்படியே நிற்கும். கீழைநாடு, கீழைச் சாளுக்கியர் என்பவற்றில் ஐகாரம் சேரும். ஊர், தெருப் பெயர்களில் 'கீழ' என்று அகரம் பெற்று, அடுத்து வரும் வல்லினத்தை இரட்டிக்கச் செய்யும்: கீழப்பழுவூர், கீழத்தெரு, கீழக்கொல்லை. வடக்கு 'வட' எனவும், தெற்கு 'தென்' எனவும், மேற்கு 'மேல்' எனவும் ஒட்டும்போது குறுகுவதை நன்னூல் விதியாக வகுத்திருக்கிறது. தொல்காப்பியம் கீழ், மேல் ஆகியவற்றை இடப்பொருள் தரும் ஏழாம் வேற்றுமையின் பட்டியலில் சேர்க்கிறது. அங்கே அவை பெயருக்குப் பின் வரும்: மரத்தின் கீழ், மலையின் மேல். பின்னால் வந்தால் உருபு, முன்னால் வந்தால் அடை என்ற இந்த இரட்டை நிலைதான் சொல்லின் பொருளை விரித்தது.

பேச்சு வழக்கில் இதற்கு இன்னொரு உறவும் உண்டு. கீழண்டை, மேலண்டை, வடவண்டை என்று வீட்டையும் வயலையும் திசையால் சுட்டுவது இப்பகுதி மக்களின் பழக்கம். 'கீழண்டை வீடு' என்றால் கிழக்கே அடுத்திருக்கும் வீடு. மேற்கிலிருந்து வீசும் காற்று மேல்காற்று. புன்செய் நிலத்தைக் கொல்லை என்று சொல்லும் இந்த ஊர்களில் ஒரே குடும்பத்துக்குக் கீழக்கொல்லையும் மேலக்கொல்லையும் இருப்பது இயல்பு.

இணைப்பெயர்கள்

ஒரு பெயரில் இரண்டு ஊர்கள் இருந்தால் அடை தேவைப்படுகிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் கீழப்புலியூர் இருக்கிறது, மேலப்புலியூரும் இருக்கிறது. கீழமாத்தூருக்கு இணையாக மேலமாத்தூர் உண்டு. மாவட்டத் தலைநகரின் பெயரையே அடையோடு சுமக்கும் கீழப்பெரம்பலூர் என்ற சிற்றூரும் உண்டு. அரியலூர் மாவட்டத்தில் கீழக்கொளத்தூர், கீழக்காவட்டாங்குறிச்சி, கீழநத்தம் முதலியவை இவ்வகையின. இவற்றில் 'கீழ' என்பது பெரும்பாலும் கிழக்கே உள்ளது என்ற பொருளையே தருகிறது.

ஆனால் இரண்டு ஊர்களைப் பிரித்துக் காட்டத் திசை மட்டுமே வழி அல்ல. அளவாலும் பிரிக்கலாம். ஜெயங்கொண்டத்தை ஒட்டிப் பெரியவளையமும் சின்னவளையமும் உள்ளன. பெரம்பலூர் மாவட்டத்தில் பெரியவெண்மணியும் சின்னவெண்மணியும் உள்ளன. இதே வெண்மணி என்ற பெயர் நாகை வட்டாரத்தில் கீழ்வெண்மணி என்று திசையடை பெற்றிருக்கிறது. பெரிய, சின்ன என்பவை இன்றைய வழக்கு. இவற்றின் முந்தைய வடிவம் பெரு, சிறு. மதுரகாளியம்மன் கோயிலால் அறியப்படும் சிறுவாச்சூர் அந்தப் பழைய அடையை இன்னும் வைத்திருக்கிறது. கண்டராதித்தம் ஏரியைப் பேரேரி என்று சொல்லும்போது உயிரெழுத்துக்கு முன் 'பெரு' என்பது 'பேர்' என்று நீள்கிறது.

காலமும் அடையாகும்: புதுவேட்டக்குடி, புதுநடுவலூர். ஆற்றங்கரையும் அடையாகும்: சோழர் கால ஆவணங்களில் காவிரிக்கு வடக்கிலுள்ள நாடுகள் 'வடகரை' என்ற அடையோடு குறிக்கப்பட்டன. உள், புறம் என்ற பகுப்பும் அடையாகும்: கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த உட்கோட்டை என்ற ஊர், ராசேந்திர சோழனின் தலைநகரில் கோட்டைக்கு உட்பட்டிருந்த பகுதியின் நினைவைப் பெயரில் வைத்திருக்கிறது.

பழுவூர்: அடை மாறிய கதை

அடைகள் நிலையானவை அல்ல என்பதற்கு மிகச் சிறந்த சான்று பழுவூர். அரியலூருக்குத் தெற்கே, தஞ்சாவூர் செல்லும் வழியில் இன்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன: மேலப்பழுவூர், கீழையூர், கீழப்பழுவூர். சோழர் ஆட்சியில் இவை பழுவேட்டரையர் என்ற சிற்றரசர்களின் இருப்பிடம். சேரர் வழியினராகச் சொல்லப்படும் இந்தக் குடியிலிருந்து முதலாம் பராந்தகன் பெண் எடுத்தான் என்பது அன்பில் செப்பேட்டுச் செய்தி.

அக்காலக் கல்வெட்டுக்களில் கீழப்பழுவூர் என்ற பெயர் இல்லை. இன்றைய கீழப்பழுவூர் அன்று சிறுபழுவூர். குன்றக்கூற்றத்தைச் சேர்ந்த பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். இன்றைய மேலப்பழுவூர் அன்று மன்னுபெரும்பழுவூர். இன்றைய கீழையூர்ப் பகுதி அவனிகந்தர்வபுரம். ஆக, பழைய பெயர்கள் ஊர்களைத் தகுதியால் பிரித்தன. அரசுக் குடி இருந்த ஊர் 'பெரும்', பிரமதேய ஊர் 'சிறு'. பழுவேட்டரையரின் அதிகாரம் மறைந்த பிறகு பெருமைக்கும் சிறுமைக்கும் அடிப்படை இல்லாமல் போயிற்று. எந்த ஆட்சி வந்தாலும் மாறாத திசையே ஊர்களைப் பிரிக்கும் அடையாளமாக நின்றது. மேற்கிலிருந்த பெரும்பழுவூர் மேலப்பழுவூர் ஆனது. கிழக்கிலிருந்த சிறுபழுவூர் கீழப்பழுவூர் ஆனது.

கோயில்களின் பெயர்களிலும் திசை அடைகளைக் காணலாம். கீழையூரில் ஒரே வளாகத்தில் இரட்டைக் கோயில்கள் உள்ளன. அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்ற அந்த வளாகத்தின் இரு கோயில்களையும் கல்வெட்டுக்கள் வடவாயில் ஸ்ரீகோயில், தென்வாயில் ஸ்ரீகோயில் என்று வேறுபடுத்துகின்றன. கீழப்பழுவூரில் உள்ள ஆலந்துறையார் கோயிலோ திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம் பெற்ற தலம். 'கீழ', 'மேல' என்ற அடைகள் வருவதற்கு முன்பே பாடப்பட்டதால் பதிகத்தில் ஊர் வெறும் பழுவூர்தான்.

பழுவூரின் பெயரைத் தமிழகம் முழுவதும் கொண்டுசென்றது கல்கியின் பொன்னியின் செல்வன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த நாவலில் பழுவேட்டரையர் இருவர் வருகின்றனர். அவர்களைப் பிரிக்க ஆசிரியர் பயன்படுத்தியவை பெரிய, சின்ன என்ற அடைகள். ஊர்ப்பெயரில் வழக்கொழிந்த பெரு, சிறு என்ற பகுப்பு இப்படி ஆட்பெயரில் வேறு வடிவத்தில் திரும்பி வந்தது.

எல்லையும் தெருவும்

நிலக்கொடையைப் பதிவு செய்யும் சோழர் கல்வெட்டுக்கள் நான்கெல்லை சொல்லும்போது கிழக்கில் தொடங்கி வலமாகச் சுற்றுகின்றன: கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை. ஒவ்வோர் எல்லைக்கும் ஒரு வாய்க்கால், ஒரு வழி, ஒரு மரம் அல்லது இன்னொருவர் நிலம் சான்றாக நிற்கும். கிழக்கு எல்லையாக ஒரு வாய்க்கால் இருந்தால், அந்த நிலம் வாய்க்காலுக்கு மேற்கு என்று எழுதப்படும். ஒரே கோட்டை இரு பக்கமிருந்தும் பார்க்கும் இந்த முறை இன்றைய கிரயப் பத்திரத்திலும் தொடர்கிறது. பத்திரத்தில் நான்கெல்லை விவரம் இன்னும் 'இன்னதற்குக் கிழக்கு, இன்னதற்கு மேற்கு' என்றே எழுதப்படுகிறது.

ஊருக்குள் வந்தால் கீழத்தெருவும் மேலத்தெருவும் கோயிலை நடுவாக வைத்து எழுந்தவை. சிவன் கோயில்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. கங்கைகொண்ட சோழபுரம் பெரிய கோயிலும் அவ்வாறே. அதனால் தேர் ஓடும் நான்கு வீதிகளில் கீழவீதி என்பது சாமி பார்க்கும் முன்பக்கம். இங்கே 'கீழ்' முன்னைக் குறித்தது, மதிப்புக் குறைவைக் குறிக்கவில்லை. ஊரை ஒட்டியும் ஊரிலிருந்து விலக்கியும் வைக்கப்பட்ட குடியிருப்புகளுக்கோ திசைப்பெயர் மட்டும் போதவில்லை. சேரி என்ற தனிச்சொல் ஒட்டியது. ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுக்களில் வரியிலிருந்து நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி என்ற பெயர்கள் தனித்தனியே வருகின்றன.

நீரின் வழியே

பாசனத்தில் 'கீழ்' என்றால் நீரோட்டத்தின் பின்பகுதி. ஏரிக் கரையில் மேல்மடை, கீழ்மடை என்று மதகுகளுக்குப் பெயர். வாய்க்காலின் முடிவில் இருப்பது கடைமடை. மேல்மடைக்காரருக்கு முதலில் தண்ணீர், கடைமடைக்காரருக்கு மிஞ்சினால் தண்ணீர் என்ற வரிசை பல ஊர்ச் சண்டைகளுக்கு மூலம்.

இந்த வழக்கின் மிகப் பெரிய எடுத்துக்காட்டு அரியலூர் மாவட்டத்தின் தென்கிழக்கு விளிம்பை ஒட்டி, அணைக்கரையில் நிற்கும் கீழணை. ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே இரண்டு அணைகளைக் கட்டுவித்தார். கொள்ளிடம் காவிரியிலிருந்து பிரியும் முக்கொம்பில் எழுந்தது மேலணை. ஆற்றின் போக்கில் நெடுந்தொலைவு கீழே எழுந்தது கீழணை. மேலணை காவிரிக்குப் போகவேண்டிய நீர் கொள்ளிடத்தில் வழிந்து போகாமல் தடுக்கிறது. கீழணை கொள்ளிடத்தில் வந்துவிட்ட நீரைத் தேக்கி இரு கரை வாய்க்கால்களிலும் பிரித்துவிடுகிறது. அங்கிருந்து பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்களும் அங்கிருந்தே பிரிகின்றன. ஆறு கிழக்கு நோக்கி ஓடுவதால் கீழணை நீரோட்டத்திலும் கீழ், திசையிலும் கீழ். பழைய சொல்லின் இரு பொருளும் ஓர் இடத்தில் பொருந்திய பெயர் இது.

வாரமும் வரிசையும்

நில உரிமையில் 'மேல்', 'கீழ்' என்ற அடைகள் சரிவையும் திசையையும் விட்டு விலகி அதிகாரத்தைக் குறித்தன. விளைச்சலில் அரசுக்கோ நிலப்பிரபுவுக்கோ சேரும் பங்கு மேல்வாரம். உழுதவருக்குச் சேரும் பங்கு கீழ்வாரம், பெருவழக்கில் குடிவாரம். உடையார்பாளையம் ஜமீனும் மழவராயர்களின் அரியலூர் ஜமீனும் இருந்த பகுதியில் இந்தச் சொற்கள் அன்றாட வாழ்வைத் தீர்மானித்தன. 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் நிலங்களில் குடிகளின் நிலையான சாகுபடி உரிமையை ஏற்றது. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இந்த எஸ்டேட்டுகளை ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. மேல்வாரம் பெற்றவர் இல்லாமல் போனதும் மேல்வாரம் என்ற சொல்லும் வழக்கிலிருந்து விலகியது.

படிநிலைப் பொருள் இதற்கெல்லாம் முந்தியது. திருக்குறளின் கயமை அதிகாரம் கயவரைக் 'கீழ்' என்றே பலமுறை சுட்டுகிறது. அங்கே அது அடையும் அல்ல, உருபும் அல்ல, தனிப் பெயர். கீழ்மை, கீழ்த்தரம், கீழ்ச்சாதி போன்ற சொற்கள் இந்தப் பொருளை வலுப்படுத்தின. கீழ்ப்படிதல் என்பதில் பணிவு. கீழறுத்தல் என்பதில் தெரியாமல் வேரை வெட்டும் சூழ்ச்சி. ஒரே முன்னொட்டு பணிவுக்கும் வஞ்சனைக்கும் உதவியிருக்கிறது.

எல்லா இடத்திலும் இந்தக் கறை படியவில்லை. பஞ்சாங்கத்தில் கீழ்நோக்கு நாள், மேல்நோக்கு நாள், சமநோக்கு நாள் என்று நட்சத்திரங்களைக் கொண்டு நாள்களைப் பிரிப்பார்கள். கிணறு வெட்டவும் கிழங்கு நடவும் கீழ்நோக்கு நாள் உகந்தது. மஞ்சள் காமாலைக்குப் பெயர்பெற்ற கீழாநெல்லிக்கு அப்பெயர் வந்தது, இலைக்காம்பின் அடிப்பக்கம் நெல்லி போன்ற சிறு காய்கள் வரிசையாகத் தொங்குவதால்.

முந்நூற்று இருபதில் ஒன்று

'கீழ்' தன் உச்சமான துல்லியத்தை அடைந்தது கணக்கில். பழைய எண்சுவடி முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பிரித்தது. ஒன்றுக்கு மேல் ஒரு வரிசை, ஒன்றுக்குக் கீழ் இன்னொரு வரிசை. கீழ்வாயில் கால் 1/4, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அதற்கும் சிறிய அளவுகளுக்குப் புதுப் பெயர் தேடாமல், பழைய பெயர்களுக்கு முன் 'கீழ்' சேர்த்தார்கள். அங்கே 'கீழ்' என்றால் 1/320-ஆல் பெருக்கு என்று பொருள். அரை 1/2 என்றால் கீழரை 1/640. கால் 1/4 என்றால் கீழ்க்கால் 1/1,280. முந்திரி 1/320 என்றால் கீழ்முந்திரி 1/1,02,400. கீழ்முந்திரியை இருபத்தொன்றாக வகுத்தால் இம்மி. 'இம்மியளவும்' என்று இன்று பேச்சில் வருவது அந்த 1/21,50,400. அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்துக் கொல்லைகளில் காய்க்கும் முந்திரிக்கும் இந்த முந்திரிக்கும் உறவு இல்லை. கொட்டை முந்திரி போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பின்னம் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

இந்த முன்னொட்டை ஒரு முறைக்கு மேலும் அடுக்கலாம் என்பது இதன் சிறப்பு. கீழுக்குக் கீழ், அதற்கும் கீழ் என்று இறங்கும் ஒவ்வொரு படியிலும் 320-ஆல் வகுக்க வேண்டும். ராஜராஜன் ஆட்சியில் சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பட்டன. அந்த அளவைத் தாங்கிய தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களில் நிலக்கணக்கு, வேலி என்ற நில அளவில் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு வரை இறங்குவதாகக் கல்வெட்டு அறிஞர்கள் கணக்கிட்டனர். 320-ஐ நான்கு முறை பெருக்கி, அதை மீண்டும் 5-ஆல் பெருக்கினால் வரும் எண் அது. அதாவது நான்கு கீழ் இறங்கிய நான்மா (நான்கு மா, 1/5). பிற்கால வேலியான சுமார் ஆறே முக்கால் ஏக்கரை வைத்துப் பார்த்தால் இந்தப் பங்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி அளவே வரும். எந்தக் கோலாலும் அதை அளக்க முடியாது. வரி நீக்கிய நிலத்தைக் கழித்து, மீதிக்கு இறை கணக்கிட்டபோது வகுத்தலில் மிஞ்சியதை விடாமல் எழுதியதன் விளைவு அது. தரையில் பயன் இல்லாத நுட்பம் கணக்கில் முடிவு பிசகாமல் காத்தது.

திண்ணைப் பள்ளிகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை பிள்ளைகள் இந்தக் கீழ்வாய் இலக்கத்தை மனப்பாடம் செய்தார்கள். 1957 ஏப்ரல் 1-இல் பத்தின் மடங்கான நாணயம் வந்தது. தொடர்ந்து மெட்ரிக் அளவைகள் வந்தன. அவற்றோடு மில்லி, சென்டி என்ற லத்தீன் வழி முன்னொட்டுகள் கடைத்தெருவுக்கு வந்தன. மில்லி ஆயிரத்தில் ஒன்று, சென்டி நூறில் ஒன்று. 'கீழ்' செய்துவந்த அதே வேலையை, 320-க்குப் பதில் பத்தின் அடுக்குகளை வைத்து அவை செய்கின்றன.

நூலில் முன்னும் பின்னும்

பழந்தமிழ் நூல்களைத் தொகுத்தவர்கள் நீண்ட பாட்டுக்களைப் பதினெண்மேற்கணக்கு என்றும், அடி குறைந்த பாட்டுக்களாலான பதினெட்டு நூல்களைப் பதினெண்கீழ்க்கணக்கு என்றும் பிரித்தனர். இங்கே 'கீழ்' தரத்தைக் குறிக்காது, அளவைக் குறிக்கும். திருக்குறளே கீழ்க்கணக்கு நூல்தான். மேற்கணக்கில் அடங்கும் பத்துப்பாட்டை 1889-இலும் புறநானூற்றை 1894-இலும் அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரின் இளமைக்கல்வியில் அரியலூருக்கும் குன்னத்துக்கும் பங்குண்டு. அவருடைய தந்தையை ஆதரித்தது உடையார்பாளையம் ஜமீன்.

உரை மரபில் இன்னொரு வியப்பு இருக்கிறது. இன்று அச்சிட்ட பக்கத்தில் 'மேற்கண்ட' என்றால் முன்னே சொன்னது, 'கீழ்க்கண்ட' என்றால் இனி வருவது. பத்திரங்களில் வரும் 'மேற்படி'யும் முன்னே சொன்னதையே குறிக்கும். வைணவ உரையாசிரியர்கள் இதற்கு நேர்மாறாக எழுதினார்கள். அவர்களுக்குக் கீழ்ப்பாட்டு என்பது முந்தைய பாட்டு, மேல் என்பது அடுத்து வருவது. இனிமேல், மேற்கொண்டு, மேலும் என்ற சொற்களில் 'மேல்' இன்றும் பின்வரும் காலத்தையே குறிக்கிறது. தாளில் பார்வை இறங்குகிறது. காலமோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிறது. பார்வையைப் பின்பற்றியவர்களுக்குக் கீழ் என்பது பிந்தியது. அடுக்கைப் பின்பற்றியவர்களுக்குக் கீழ் என்பது முந்தியது.

பாறையில் தலைகீழ்

அடுக்கின் பொருளை அறிவியல் முறையில் இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் புவியியலாளர்கள். கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதி கடலின் கீழ் இருந்தது. கடலில் படிந்த மண்ணும் சிப்பியும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காக இறுகின. எச்.எஃப். பிளான்போர்டு 1862-இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வடுக்குகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்தார்: அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். புவியியலில் கீழ் அடுக்கு என்றால் முந்திப் படிந்தது. மேல் அடுக்கு என்றால் பிந்திப் படிந்தது.

இந்த அடுக்குகள் கிடையாக இல்லை. கிழக்கு நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கின்றன. அதனால் மேற்கே, பழைய கடினப் பாறையை ஒட்டி, காரைப் பக்கம் வெளித்தெரிவது மிகப் பழைய ஊட்டத்தூர்த் தொகுதி. கிழக்கே அரியலூர், கல்லங்குறிச்சி நோக்கிப் போகப் போக இளைய அடுக்குகள் வருகின்றன. சிமென்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல் இந்த இளைய தொகுதியைச் சேர்ந்தது. ஆக, தமிழ்த் திசைச்சொல்லும் புவியியல் சொல்லும் இங்கே எதிரெதிராக நிற்கின்றன. மேற்கே போனால் கீழ் அடுக்கு, கிழக்கே போனால் மேல் அடுக்கு. மேலப்பழுவூர், கீழப்பழுவூர் என்று பெயரிட்டவர்கள் தரையின் சரிவைப் பார்த்தார்கள். பிளான்போர்டு தரைக்கு அடியில் பாறையின் சாய்வைப் பார்த்தார்.

சப், சார், துணை

ஆங்கில ஆட்சியோடு 'கீழ்' என்பதற்கு இணையான லத்தீன் முன்னொட்டு ஒன்று அலுவலகங்களில் நுழைந்தது: 'சப்'. லத்தீனில் அடியில், அருகில், கீழிருந்து மேலே, இரண்டாம் நிலையில், ஓரளவு எனப் பல பொருள் தந்த சொல் அது. வடமொழியின் 'உப' அதற்கு உறவுச்சொல்லாக மொழியியலாளரால் கருதப்படுகிறது. சப்-கலெக்டர், சப்-ரிஜிஸ்டிரார், சப்-இன்ஸ்பெக்டர், சப்-ஜெயில், சப்-டிவிஷன் என்று வட்டத் தலைநகர்கள் எங்கும் அது பரவியது.

ஆட்சித்தமிழ் இவற்றை மொழிபெயர்த்தபோது நேர்ப்பொருளான 'கீழ்' கிட்டத்தட்டத் தவிர்க்கப்பட்டது. சப்-கலெக்டர் சார் ஆட்சியர் ஆனார். சப்-ரிஜிஸ்டிரார் சார்பதிவாளர் ஆனார். சப்-இன்ஸ்பெக்டர் உதவி ஆய்வாளர். சப்-ஜெயில் கிளைச்சிறை. புல எண்ணின் சப்-டிவிஷன் உட்பிரிவு. காவல்துறையின் சப்-டிவிஷன் உட்கோட்டம். குழுவுக்கும் கண்டத்துக்கும் துணை என்ற அடை. ஒரு லத்தீன் முன்னொட்டு சார், உதவி, கிளை, உள், துணை என ஐந்து தமிழ்ச் சொல்லாகப் பிரிந்தது. 'கீழ்' இடம்பெற்றது பெரும்பாலும் நீதித்துறையின் 'கீழமை நீதிமன்றங்கள்' என்ற தொடரில்தான். காரணம் கயமை அதிகாரம் முதல் தொடரும் படிநிலைப் பொருள். மேலதிகாரி உண்டு, கீழதிகாரி அரிது. மேலாளர் உண்டு, கீழாளர் இல்லை. ஊருக்கு முன்னால் இழிவு தராத சொல், ஆளுக்கு முன்னால் வந்தால் இழிவு தந்துவிடுகிறது.

எழுத்துக்கூட்டலும் இன்றைய நிலையும்

பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, 2002-இல் பெரம்பலூரோடு மீண்டும் இணைந்து, 2007-இல் மறுபடி தனி மாவட்டமானது. ஆட்சி எல்லைகள் இப்படி மாறியபோதும் ஊர்களின் திசை அடைகள் மாறவில்லை. மாறிக்கொண்டே இருப்பது அவற்றின் ஆங்கில எழுத்துக்கூட்டல். தமிழில் ஒரே 'கீழ' என்று எழுதப்படும் அடை ஆங்கிலப் பதிவேடுகளில் கில, கீல, கீழ என்று ஒலிக்கும்படி பலவிதமாக எழுதப்பட்டிருக்கிறது. ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து இல்லாததும், ழகரத்தை ளகரமாகச் சொல்லும் பேச்சும் இதற்குக் காரணங்கள். குறிலும் நெடிலும் ஆங்கிலத்தில் பிரியாததால், 'கீழ' எது, 'கிழ' எது என்பதும் தெரிவதில்லை. ஆங்கில வடிவம் மட்டும் கையில் இருப்பவர் திசையைக் குறித்த முதல் அசையைக் கிழவன், கிழமை என்ற வேறு சொற்களோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு.

தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் அரசாணையை வெளியிட்டது. புதிய எழுத்துக்கூட்டல்கள் மீது குறைகள் எழுந்ததால் சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. இதனால் ரயில் நிலையம், பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் பழைய வடிவங்கள் ஒன்றோடொன்று ஒவ்வாமல் தொடர்கின்றன. தமிழ்ப் பலகையில் மட்டும் 'கீழ' என்ற இரண்டெழுத்து ஒரே வடிவில் நின்று, ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.